பலூனை ஊதியது நான்தான்

தம்பி,

நம் சொந்தக்காரர் கூடும் இடமெல்லாம் நீ சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பம்பலப்பிட்டியில், என் தங்கை மகள் மதுராவின் பதிவுத் திருமண விருந்திலும் சொன்னாய். "நான் அப்ப சின்னப்பிள்ளை. றோட்டில நிக்கிறம். ஒரு பொலிஸ்காரர் வந்து அம்மான்ர கையில பலூனைக் குடுக்கிறார். அம்மா ஊதுறா. எனக்கு ஒண்டும் தரேல்ல!" மாப்பிள்ளை வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்தொன்பது வருடமாக இந்த இடத்தில் சிரித்துப் பழகிவிட்டேன். உன் அப்பா தண்ணீர் குடிக்கும் சாட்டில் எழுந்து போனதை நீ கவனிக்கவில்லை.

அந்தக் கதையில் நீ பார்த்ததெல்லாம் உண்மை. பொலிஸ்காரர், பலூன், உன் அம்மாவான நான், எல்லாமே. பலூன் எதற்கு என்பது மட்டும் உனக்குத் தெரியாது. வாகனம் ஓட்டியவர் குடித்திருக்கிறாரா என்று பார்க்க அதை ஊதச் சொல்வார்கள். நான் குடித்திருக்கவில்லை. வாகனத்தை ஓட்டியதும் நான் இல்லை.

இதை நேரில் சொல்ல எனக்கு வராது. பேச்சில் நான் எப்போதும் ஒரு சொல் பிந்தித்தான் நிற்பேன். அதனால் எழுதுகிறேன். கதையை நீ ஊரறியச் சொன்னதால், அதன் மீதியை நானும் ஊரறியவே எழுதுகிறேன். இன்னொரு அவசரமும் உண்டு. வருகிற சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் மதுராவின் கல்யாணம். தாலி கட்டிச் சாப்பாடு முடிந்ததும் மணமக்களைக் கல்கிசைக்கு உன் காரில்தான் கொண்டுபோக வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. அதற்கு முன் நீ இதை வாசித்துவிட வேண்டும்.

அன்றைக்கும் கொட்டாஞ்சேனையில்தான் கல்யாணம், அப்பாவின் மச்சான் ஒருவருக்கு. உனக்கு ஐந்து வயது. முகூர்த்தம் பதினொரு மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. மாப்பிள்ளை வந்து சேரவே பதினொன்றரை ஆகிவிட்டது. காலையில் ஒரு தேநீரோடு வெள்ளவத்தையிலிருந்து கிளம்பிய ஆண்கள், சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். பக்கத்தில் இருந்த உன் பெரியம்மா, "ஆம்பிளையள் காத்து வாங்கப் போட்டினம்" என்றார். எல்லாப் பெண்களும் தலையாட்டினோம். எங்கே காற்று வாங்குகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அது மரியாதை.

நம் கல்யாண மண்டபங்களில் மது கிடையாது. வாழைமரம், நாதஸ்வரம், மரக்கறிச் சாப்பாடு. அதில் நமக்குப் பெருமை, இருக்கட்டும். ஆனால் மண்டபத்தில் சாத்திய கதவு, பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் டிக்கியாகத் திறக்கிறது. போத்தல், சோடா, கடதாசிக் கோப்பை, ஒரு பை மிக்சர். இருக்க நாற்காலி இல்லை. பெண்கள் யாராவது வருவதற்குள் ஊற்ற வேண்டும், உள்ளேயிருந்து யாராவது கூப்பிடுவதற்குள் விழுங்க வேண்டும். மேசையில் இருந்து சாப்பாட்டோடு ஒரு மாலை முழுக்கக் குடிக்கக்கூடியதை, நம் ஆட்கள் வெறும் வயிற்றில், நின்றபடி, கால் மணி நேரத்தில் குடித்து முடிக்கிறார்கள். அதிலும் ஒரு விசேஷம் இருக்கிறது. யாருடைய டிக்கி பெரிதோ அவர்தான் விருந்து கொடுப்பவர். வருகிற ஒவ்வொருவரோடும் அவரும் ஒரு வாய் குடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் வந்தவரை அவமதித்ததாகிவிடும். ஆக, அந்த இடத்திலேயே அதிகம் குடிக்கிறவர் கையில் காரின் சாவி இருக்கிறது. யாரும் யோசித்து இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்யவில்லை. யோசித்துச் செய்திருந்தாலும் இதைவிட மோசமாகச் செய்திருக்க முடியாது.

அன்றைக்குப் பெரிய டிக்கி உன் அப்பாவுடையது.

சாப்பிட்டு முடித்து வெளியே வரும்போது மூன்று மணி. அப்பாவிடம் ஏலக்காய் மணத்தது. நடை சரியாகத்தான் இருந்தது, பேச்சுத்தான் சற்றுச் சத்தமாக இருந்தது. பெரியம்மா என் முழங்கையைத் தொட்டு, "நீர் ஓடுமன். லைசன்ஸ் இருக்குத்தானே" என்றார். கல்யாணத்துக்கு முன்பே நான் எடுத்த லைசன்ஸ் அது, கைப்பையில் இருந்தது. நான் சாவிக்குக் கையைக்கூட நீட்டவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். அதற்குள் பெரியப்பா கண்டுவிட்டார்.

"ஓ! தம்பிக்கு ட்ரைவர் வந்திட்டா! இனி நீ பின்னால இருந்து பேப்பர் வாசிக்கலாம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். "நான் ஸ்டெடி, அண்ணை. இவவை ஓட விட்டா விடியத்தான் வீட்டை போய்ச் சேருவம்" என்றார்.

நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். உன்னைப் பின்னால் ஏற்றினேன். பெல்ட் போடவில்லை. அந்தக் காலத்தில் பின்னால் யாரும் போடுவதில்லை, நானும் போட்டுவிடவில்லை. பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவள் நான். ஓடுகிற வாகனம் சட்டென்று நின்றால் உள்ளே இருக்கும் உடல் நிற்காது என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள்.

கொச்சிக்கடைப் பக்கம், துறைமுகக் களஞ்சியங்களின் நீண்ட மதில் ஓரமாக லொறிகள் வரிசையாக நிற்குமே, அந்த இடத்தில் நடந்தது. அப்பா வேகமாகத்தான் வந்தார். நின்ற லொறி ஒன்றைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்கு ஏறினார். எதிரே, தன் பக்கத்தில் ஒழுங்காக, சைக்கிளில் ஒருவர் வந்துகொண்டிருந்தார். பெயர் சூசை. துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்குமாக ஏறி இறங்கி வேலை செய்பவர், பகல் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒரு சத்தமும், கண்ணாடிக்கு முன்னால் தெரிந்து மறைந்த ஒரு நீலச் சட்டையும்தான். கார் மதிலில் உரசி நின்றது. நீ முன் சீட்டின் பின்பக்கத்தில் மோதி அழுதாய். உன் இடது புருவத்தில் இருக்கும் தழும்பு படியில் விழுந்து வந்தது என்று உனக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். அப்படி ஒரு படி இல்லை, தம்பி.

அடுத்த ஒரு நிமிடத்தைத்தான் நான் யாருக்கும் சொன்னதில்லை. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். நான் இறங்கினேன். காரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அடிபட்டவரிடம் ஓடவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, "இறங்குங்கோ. அங்கால போங்கோ. நீங்கள் ஓடேல்ல" என்றேன். சாவியை நானே கழற்றினேன். அதற்குப் பிறகுதான் சூசையிடம் போனேன்.

சந்தியில் நின்ற பொலிஸ்காரர் வந்து சேர்ந்தபோது கார்க் கதவடியில் சாவியோடு நின்றது நான்தான். "கவுத எலெவ்வே?" என்றார். யார் ஓட்டியது என்று கேட்கிறார். "மம" என்றேன். நான்.

சிங்களத்தில் அந்த ஒரு சொல்தான் சொன்னேன், போதுமாக இருந்தது. பலூனைத் தந்தார், ஊதினேன். தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஹரி" என்றார், சரி என்று. நீ நெற்றியில் கைக்குட்டையை அழுத்தியபடி, அழுகையை நிறுத்திவிட்டு, அந்தப் பலூனையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அது யுத்த காலம். கொழும்பில் ஒரு தமிழ் ஆண் பொலிஸ் நிலையத்துக்குள் போனால், எதற்காகப் போனான் என்பது வாசலோடு மறந்துபோய், வேறு கேள்விகள் தொடங்கிவிடும். அதனால்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை, ஆனால் அரை உண்மை. மற்ற அரை, உன் அப்பா குடித்திருந்தார் என்பதை நாலு பேர் முன் சொல்வதைவிட, நான் கவலையீனமாக ஓட்டினேன் என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது என்பது. மண்டபத்தில் "காத்து வாங்கப் போட்டினம்" என்றதற்குத் தலையாட்டினேனே, அதே தலையாட்டல்தான் இது. வழக்கு என் பெயரில் வந்தது. ஒரு நாள் நீதிமன்றத்தில் நின்றேன், முடிந்தது. நான் எடுத்த லைசன்ஸ் முதன்முதலாகப் பயன்பட்டது பொய் சொல்லத்தான்.

சூசையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். வலது முழங்கால் நொறுங்கியிருந்தது. பேச்சைத் தொடங்கத் தெரியாமல், "நான் கவனமா ஓட்டியிருக்கவேணும்" என்றேன். அவர் என்னை நன்றாகப் பார்த்தார். பெண்களை மரியாதையாக "நோனா" என்றுதான் கூப்பிடுவார்.

"நோனா, நீங்க எங்க ஓட்டுனீங்க? நான் பாத்தேனே. ஸ்டியரிங்ல மீச இருந்திச்சு."

பொலிஸில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பின்னால புள்ள ரத்தத்தோட அழுதுக்கிட்டு இருந்திச்சு. அப்பனையும் ஏத்திக்கிட்டுப் போனாங்கன்னா அது என்ன செய்யும்?" என்றார். பிறகு தோடம்பழத்தைக் காட்டி, "உரிச்சுத் தாங்க, கையில ஊசி" என்றார். உரித்துக் கொடுத்தேன்.

இதற்கு நாலு வருடம் கழித்துத்தான் காப்புறுதி அலுவலகத்தில் வாகன விபத்துப் பிரிவில் சேர்ந்தேன். என்ன வேலை என்று உனக்குத் தெரியும். விபத்து எப்படி நடந்தது என்று ஓட்டியவர்கள் எழுதும் படிவங்களை வாசிக்கிறேன். மூன்று மொழியிலும் வரும், மூன்றிலும் ஒரே சொல்தான் இருக்கும். தமிழில் "திடீரென்று", சிங்களத்தில் "ஹதிசியே", ஆங்கிலத்தில் எழுதுபவர்களும் அதையே எழுதுவார்கள். நாய் திடீரென்று பாய்ந்தது. ஓட்டோ திடீரெனத் திரும்பியது. சைக்கிள்காரர் திடீரென எதிரே வந்தார். அன்றைய வாக்குமூலத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். இப்போது அந்தச் சொல்லை நான் நம்புவதில்லை. எங்கே கண்டாலும் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, அதற்கு முந்திய ஆறு மணி நேரத்தைக் கேட்பேன். எப்போது நித்திரை கொண்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள், எங்கே போக நேரம் பிந்தியது, பக்கத்தில் யார் இருந்தார், போன் எங்கே இருந்தது. அதே கேள்விகளை என்னிடமே கேட்டால், சூசை எங்கள் முன்னால் வந்தது மூன்று மணிக்கு அல்ல என்று தெரியும். மாப்பிள்ளை பிந்தியபோதே, டிக்கி திறந்தபோதே, பெரியப்பா சிரித்தபோதே, நான் சாவியைப் பார்த்துவிட்டுக் கையை மடித்துக்கொண்டபோதே அவர் அந்த மதிலடியில் வந்து நின்றுவிட்டார். கடைசி நிமிடத்தில் பிரேக்கால் திருத்தக்கூடியது மிகக் கொஞ்சம். காலையிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் திருத்தியிருக்கலாம்.

சாராயம் மட்டும்தான் காரணம் என்று சொல்பவர்களோடு எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. சாராயம் கண்ணையும் கையையும் பிந்தவைக்கிறது, அது உடம்பின் விஷயம், அதில் வாதமில்லை. நீ எவ்வளவு பலசாலியானாலும் அது உனக்கும் நடக்கும். ஆனால் குடித்தவரைக் காரில் ஏற்றுவது சாராயம் அல்ல. "பக்கத்திலதானே" என்ற சொல் ஏற்றுகிறது. பழகிய பாதை என்ற எண்ணம், சாவியைக் கொடுத்தால் ஆண்மை குறைந்துவிடும் என்ற கேலி, கேட்டால் வீட்டில் சண்டை வரும் என்ற பெண்களின் கணக்கு, எல்லாம் சேர்ந்து ஏற்றுகின்றன. எல்லாவற்றையும்விட, போன தடவை ஒன்றும் நடக்கவில்லை என்பது ஏற்றுகிறது. பத்திரமாக வீடு வந்து சேர்ந்த ஒவ்வொரு நாளும் மனிதனுக்குப் பிழையான பாடத்தையே படிப்பிக்கிறது.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், போன ஞாயிறு எனக்கே மறுபடி அந்தப் பாடம் நடந்தது. விருந்தின் நடுவில், உன் காரில் விட்ட குடையை எடுக்கக் கீழே வந்தேன். உன் டிக்கி திறந்திருந்தது. நீயும் உன் கூட்டாளிகள் மூன்று பேரும் நின்றீர்கள். ஒருவன் என்னைக் கண்டதும், "டேய், அன்ரி!" என்று மூடியைச் சாத்தினான். நீ, "வெறும் சோடாதான், அம்மா" என்றாய். குடையை எடுத்துத் தந்தாய். ஏலக்காய்க்குப் பதில் இப்போது சுயிங்கம், அவ்வளவுதான் வித்தியாசம். நான் "காத்து வாங்குறீங்களோ" என்று கேட்டுவிட்டு மேலே போனேன். ஒரு மணி நேரம் கழித்து நீ ஓட்டிய காரில், உன் பக்கத்தில் இருந்து வெள்ளவத்தைக்கு வந்தேன். பதின்மூன்று வருடமாகக் காலி வீதியில் தினமும் கார் ஓட்டுகிறவள், விபத்துப் படிவங்களில் கோடு போடுகிறவள், ஒரு வார்த்தை பேசாமல் வந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நீ நன்றாகத்தான் ஓட்டினாய். வாசலில் இறங்கும்போது, "பாத்தீங்களே, நான் ஸ்டெடி" என்றாய். அந்தச் சொல்லை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அன்றிரவு முழுக்க யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை, உனக்கு எழுதும் முடிவு உடனே வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து கொச்சிக்கடைக்குப் போனேன். செவ்வாயென்றால் அங்கே கோயில் சனம். நெரிசலைத் தாண்டி, சூசை காவல் இருக்கும் களஞ்சியத்தைக் கண்டுபிடித்தேன். அந்த முழங்காலோடு கப்பலில் ஏற முடியாமல் போனதிலிருந்து அவருக்கு வாசல் காவல்தான். நரைத்துவிட்டார். என்னைக் கண்டதும் இன்னார் என்று மட்டுக்கட்டிவிட்டார்.

"அட, நோனா! இப்பவும் நீங்கதான் ஓட்டுறீங்களா?"

"இப்ப உண்மையா நான்தான்" என்றேன். சிரித்துத் தன் கதிரையைத் தந்துவிட்டு, ஒரு பெட்டியில் காலை நீட்டி இருந்தார். நடந்ததை மகனுக்கு எழுதப் போகிறேன், உங்களையும் எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா சூச பாவம்னு எழுதாதீங்க. நான் பாவமில்ல, எனக்குக் கோவம்."

"குடிச்சிட்டு ஓட்டினதுக்கா?"

"அது ஒரு கோவம். அது பழசு, ஆறிப்போச்சு. நான் ரோட்டுல கெடக்கிறேன், நோனா. ஒங்கள பாக்கிறேன். நீங்க இறங்கி ஓடி வாறீங்க. என்கிட்டத்தான் வாறீங்கன்னு நெனச்சேன். நீங்க சீட்ட மாத்தப் போனீங்க. பிறகுதான் வந்தீங்க. அது ஆறல்ல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையாட்டினார். தந்தார் என்றும் சொல்ல முடியாது, தரவில்லை என்றும் சொல்ல முடியாது. புறப்படும்போது, "மகன் இப்ப ஓட்டுறாரா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "மீச இருக்கா?" இருக்கிறது என்றேன். அவர், வந்து நின்ற லொறிக்கு வாசலைத் திறக்க நொண்டிக்கொண்டு எழுந்து போனார்.

இதை அப்பாவிடம் முதலில் வாசிக்கக் கொடுத்தேன். அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி எழுதுவது இன்னொரு சீட் மாற்றமாகிவிடும். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எத்தனை ஷொட் எண்டு நீர் எழுதேல்ல. நாலு" என்றார். கழற்றிய கண்ணாடியைத் துடைத்தபடி, "அஞ்சு" என்றார். பிறகு, "குடுத்துவிடும். நானே சொல்லியிருக்கவேணும்" என்றார். அந்த விபத்துக்குப் பிறகு அவர் குடித்த நாளில் சாவியைத் தொட்டதில்லை. குடியை விட்டார் என்று நான் சொல்லமாட்டேன், நீ அதே வீட்டில்தான் இருக்கிறாய். இந்த ஒன்றை அவர் விட்டார். முடியும் என்பதற்கு அது போதும். நான் சொன்ன பொய்க்கு இனி யாராவது என்னைக் கூப்பிட்டால், போய்ப் பதில் சொல்வேன். அதில் எனக்குத் தயக்கமில்லை.

சனிக்கிழமை நீ குடிக்கக்கூடாது என்று நான் எழுதப் போவதில்லை. இருபத்துநாலு வயது ஆணுக்கு அப்படி எழுதினால் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். குடிப்பதானால் வீட்டுக்கு வந்து மேசையில் இரு, சாப்பிடு, எங்களுக்குத் தெரிந்தே குடி. நாங்கள் தெரியாததுபோல் இருந்ததுதான் உங்களை டிக்கிக்கு அனுப்பியது. அந்த நடிப்பை என் பக்கத்தில் நான் முடித்துக்கொள்கிறேன். தங்கையிடம் பேசிவிட்டேன். "காத்து வாங்கப் போட்டினம்" என்று யாராவது சொன்னால், "இல்லை, குடிக்கப் போட்டினம், ஆர் ஓடப்போகினம்?" என்று சத்தமாகக் கேட்பதாக அவளும் ஒத்துக்கொண்டாள். அவளுக்குக் குரல் பெரிது.

மற்றது என் வேலை. தாலி கட்டி முடிந்ததும் நான் கீழே வருவேன். டிக்கி திறந்திருந்தாலும் சாத்தியிருந்தாலும், உன் கூட்டாளிகள் நின்றாலும், பெரியப்பா பகிடி விட்டாலும், உன் முன்னால் வந்து கையை நீட்டுவேன். நீட்டிய கையை மடிக்கமாட்டேன். நீ சோடா மட்டும் குடித்திருந்தாலும் சாவியைத் தா. உன்னை நம்பாமல் கேட்கவில்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன் கேட்காததைக் கேட்கிறேன். பூ வைத்த காரில் மதுராவும் அவள் மாப்பிள்ளையும் பின்னால் இருக்கட்டும், பெல்ட்டைப் பூட்டிவிடுவது உன் பொறுப்பு. நீ முன் சீட்டில் இரு, விரும்பினால் பேப்பர் வாசி. கொச்சிக்கடை மதிலடியில் நான் மெதுவாகப் போவேன். சூசை வாசலில் இருந்தால் பார்க்கட்டும்.

வழியில் யாராவது மறித்து "கவுத எலெவ்வே?" என்று கேட்டால், "மம" என்பேன். பலூனைத் தந்தால் ஊதுவேன். நீ பக்கத்தில் இருந்து பார்.

அம்மா
வெள்ளவத்தை